பதினெட்டாம் தேதி மழை

“டீச்சர், மழை பொய் சொல்லுமா?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

“மழைக்கு வாய் ஏது அண்ணாச்சி? மூச்சு வாங்குதீங்க. முதல்ல என்னன்னு சொல்லுங்க.”

காலை எட்டு மணி. தாலுகா ஆபீஸ் மூலையில், கம்பிவேலிக்குள் மழைமானி நின்றது. தினமும் காலை எட்டரைக்கு அதை அளந்து எழுதுகிறவர் முத்துக்கனி. வயது முப்பத்திரண்டு. தில்லைநாயகத்துக்கு ஐம்பத்தாறு.

கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது தில்லைநாயகத்தின் தொழில். மழையைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று முத்துக்கனியிடம் பாடம் கேட்க வந்து ஒரு மாதம் ஆகிறது. “மக வயசுல ஒரு குருவா வே?” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் டீச்சர் என்றே கூப்பிட்டார்.

“பத்தரைக்கு விசாரணை, டீச்சர். ஒன்பது மணி பஸ்ஸை விட்டா போச்சு.”

லேப்டாப்பைத் திறந்து வேலிக்கல்லின் மேல் வைத்தார்.

போன மாதம் பதினேழாம் தேதி இரவு ஊருக்குள் ஆறு புகுந்தது. ஒன்பது பேர் செத்துப் போனார்கள். அது எப்படி நடந்தது என்று விசாரணையில் காட்டத்தான் இந்தப் படம்.

“தேதியை விரலால இப்படி இழுக்கணும். மழை பெஞ்ச இடத்துல நீல வட்டம் பெரிசாகும். பாருங்க.”

பதினாறு. மலை வெறுமையாகக் கிடந்தது.

பதினேழு. அப்போதும் வட்டம் இல்லை. ஆனால் அணையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. மதகு திறந்த அடையாளம்.

பதினெட்டு. மலை முழுக்க நீலம்.

“பாத்தீங்களா? முதல்ல மதகு. மறுநாள்தான் மழை. சும்மா கிடந்த அணையை மரியசூசை திறந்து விட்டுட்டான்னு சொல்லுதாங்க. இந்தப் படத்தைப் பாத்த பிறகு வேற எதையும் யாரும் பாக்கலை.”

மரியசூசை மதகை இயக்குகிறவர். அன்றைக்கு அணையில் இருந்தது அவர் ஒருவர்தான். கீழே ஊரில் அன்று நல்ல வெயில்.

“அவரு என்ன சொல்லுதாரு?”

“மத்தியானத்துல இருந்து பேய்மழை, திறக்கலைன்னா அணையே உடைஞ்சிருக்கும்ங்கான். நேத்து காலையில என் வீட்டு வாசல்ல வந்து நின்னான், டீச்சர். கும்பிடலை. திட்டலை. ‘சார், உங்க படத்துல நான் நனையவே இல்லியே’ன்னான். போயிட்டான்.”

தில்லைநாயகம் திரையைத் தட்டினார்.

“இன்னிக்கு நான் இதைக் காட்டினா அவனை அங்கேயே போலீஸ் பிடிச்சுட்டுப் போயிரும்.”

“படம் தப்பா?”

“ஒரு எண்ணைக்கூட நான் தொடலை. மலையில அளந்தவங்க எழுதின தேதி, எழுதின அளவு. அப்படியே போட்டேன்.”

முத்துக்கனி திரையை வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒரு தடவை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். பிறகு மணி பார்த்தார். எட்டு இருபது.

“எட்டரை ஆகட்டும்.”

“டீச்சர், பஸ்ஸு!”

“இப்ப நான் சொன்னா நம்பிருவீங்க. அங்க ஒரு வக்கீல் அதட்டினா அந்த நம்பிக்கை விழுந்துரும். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். காலை வெயில் பிடரியில் சுட்டது. பத்து நிமிஷம் அப்படி நீளும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

எட்டரைக்கு முத்துக்கனி வேலிக்கதவைத் திறந்தார். அளவுக் குடுவையை அவரிடம் நீட்டினார்.

“இன்னிக்கு நீங்க அளங்க.”

“நானா? இப்பவா?”

“ம்.”

தில்லைநாயகம் மழைமானிக்குள் இருந்த தண்ணீரைக் குடுவையில் ஊற்றினார்.

“சிந்தாதீங்க. சிந்தினா அந்த நாள் மழையை வேற எங்க போய்த் தேட?”

இருபது மில்லிமீட்டர் பிடிக்கும் குடுவை மூன்று முறை நிறைந்தது. நாலாவது தடவை அடியில் கொஞ்சம்.

“அறுபத்திரண்டு மில்லிமீட்டர்.”

முத்துக்கனி ரிஜிஸ்டரை விரித்தார். பேனா கொடுத்தார்.

“எழுதுங்க.”

“என்ன தேதி போட?”

“அளக்குத நாளைத்தான் போடணும். மலையிலயும் அப்படித்தான் போடுவாங்க.”

டிசம்பர் 23 என்று எழுதினார். பக்கத்தில் 62 என்று எழுதினார்.

பேனா நின்றது.

நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் இல்லை.

“இன்னிக்கு எங்க மழை பெஞ்சுது?”

அவர் பார்வை குடுவைக்கு இறங்கியது.

“நேத்து சாயங்காலம் மார்க்கெட்ல குடையில்லாம நனைஞ்சேனே… அந்தத் தண்ணிதானே இது!”

பேனா கீழே விழுந்தது. அவர் லேப்டாப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். வட்டங்கள் அத்தனையையும் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினார். மறுபடி விரலால் இழுத்தார்.

பதினாறு. வெறுமை.

பதினேழு. மலை முழுக்க நீலம். அந்த நீலத்துக்கு நடுவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

மணி எட்டு நாற்பது.

“ஒரு மாசமா அந்த மனுசனைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கேன்.” அவர் எழுந்தார். கோபமும் வந்தது. “தினமும் நீங்க எழுதுத ரிஜிஸ்டர்தானே, டீச்சர்? முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

முத்துக்கனி பேனாவை எடுத்துத் துடைத்தார்.

“படத்தை எனக்கு இன்னிக்குத்தானே அண்ணாச்சி காட்டுதீங்க?”