பூனைக்கு வைத்த கதவு

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவர் தச்சர் சவரிமுத்து. அந்த வீட்டுக் கதவை அறுத்தவர் அவர்தான். அவருக்கு வீட்டுக்காரர் குற்றாலிங்கமே சொன்னாராம். இரண்டு பேரைத் தாண்டி வந்ததால் ஓரிரு சொல் மாறியிருக்கலாம். நானாக எதையும் சேர்க்கவில்லை.

செங்கோட்டைக்கு மேற்கே ஓர் எலுமிச்சைத் தோட்டம். அதன் நடுவில் இருந்த சிறிய வீட்டில் மீனலோசனி என்ற குரு இருந்தார். வயது முப்பத்தெட்டு. காவி கட்டியதில்லை. பௌர்ணமிதோறும் பத்துப் பதினைந்து பேர் அவரைப் பார்க்க வருவார்கள். பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் அம்மா என்றே அழைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் குற்றாலிங்கம். பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் சொந்த வீடு. வீட்டில் அவரும் மனைவி கோமதியும் மட்டும். பிள்ளைகள் இல்லை.

ஒரு பௌர்ணமியன்று அவர் கேட்டார்.

"அம்மா, வீட்டை விட்டுட்டு இங்கேயே வந்து தங்கிரலாம்னு இருக்கேன். எப்போ வரலாம்?"

"வீட்டுல என்ன குறை அண்ணாச்சி?"

"குறை ஒண்ணும் இல்லை. தியானத்துல உட்கார முடியலை."

"ஏன்?"

"பூனை."

"பூனை என்ன செய்யுது?"

"விடியக்காலம் நாலரைக்கு வந்து கதவைப் பிறாண்டும். கோமதி எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறப்பா. கொஞ்ச நேரத்துல வெளியே போகணும்னு கத்தும். மறுபடியும் திறப்பா. ஒரு காலையில ஆறு தடவை எண்ணியிருக்கேன்."

"தியானத்துல இருந்துக்கிட்டா எண்ணினீங்க?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். குற்றாலிங்கமும் லேசாகச் சிரித்தார்.

"எது தொந்தரவு? பூனை கத்துறதா, அவங்க நடக்கிறதா?"

"தாழ்ப்பாள் சத்தம் அம்மா."

"அப்போ பூனைக்குன்னு ஒரு சின்னக் கதவு வச்சிருங்க. அது தானா போகவும் தானா வரவும் பழகட்டும். பழகினதும் வாங்க. நீங்க கேட்டதுக்கு அன்னைக்குப் பதில் சொல்றேன்."

மேலிடத்து உத்தரவுகளை எழுதி வைத்தே பழகியவர் அவர். இதையும் சட்டைப்பையில் இருந்த சிறு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கதவைத் தேர்ந்தெடுக்க ஒன்பது நாள் ஆனது.

பூனை தூங்கும்போது டேப் வைத்து அளந்தார். உடம்பின் அகலம் நாலரை அங்குலம். அது எழுந்து நின்றபோது அளந்ததில் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஐந்து அங்குலம். பிறகு கைபேசியில் தேடினார். கழுத்தில் காந்தம் கட்டிய பூனைக்கு மட்டும் திறக்கும் கதவு இருந்தது. உள்ளே வர மட்டும் விட்டு, வெளியே போக விடாத கதவு இருந்தது. மழைத்தண்ணீர் புகாத ரப்பர் விளிம்பு வைத்தது இருந்தது. ஒவ்வொன்றையும் வாங்கியவர்கள் எழுதிய குறைகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"அது கழுத்துல ஒண்ணையும் கட்டாதீங்க," என்றார் கோமதி.

கடைசியில் இரண்டு பக்கமும் ஆடும் சாதாரணப் பலகைக் கதவே போதும் என்று முடிவானது. சவரிமுத்து வந்தபோது குற்றாலிங்கம் ஒரு வரைபடத்தை விரித்தார். முன் தோற்றம், பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, எல்லாம் அளவோடு இருந்தன.

சவரிமுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது பூனைக்கா, இல்லை ஆத்துக்குக் குறுக்கே மதகு கட்டப் போறோமா?"

"நீ படத்துல உள்ளபடி செய்."

வாசல் கதவின் கீழ்ப்பகுதியில் பென்சிலால் கோடு போட்டாகிவிட்டது. சவரிமுத்து துளைக்கருவியை எடுத்தார். கோமதி சமையலறையிலிருந்து வந்து கதவுக்கு முன்னால் நின்றார்.

"என்ன செய்யப் போறீங்க?"

"பூனைக்கு வழி."

"வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற கதவு இது. இதுலயா ஓட்டை போடுவாங்க?"

"வேற எந்தக் கதவுல போட?"



"பூனை என்னைக்குங்க இந்தப் பக்கமா வந்திருக்கு?"

"பின்னே எந்தப் பக்கமா?" என்றார் குற்றாலிங்கம்.

"அஞ்சு வருஷமா அது பின்கட்டு வழியாதான் வருது. சமையக்கட்டுக் கதவைத்தான் பிறாண்டுது."

ஐந்து வருடமாக முன்னறையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். எந்தக் கதவு என்று ஒருநாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை. சவரிமுத்து துளைக்கருவியைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்ததாகச் சொன்னார். வாசல் கதவில் இருந்த பென்சில் கோட்டைக் கோமதி முந்தானையால் துடைத்தார்.

சமையலறைக் கதவு அன்று மதியமே அறுபட்டது.

பூனை பழகப் பத்து நாள் ஆனது. முதலில் பலகையை மேலே தூக்கி ஒட்டி, வெறும் துளையாக விட்டார்கள். பிறகு பாதி இறக்கினார்கள். பிறகு முழுவதும்.

பூனையை வெளியே வரவைக்க என்ன செய்வதென்று குற்றாலிங்கம் யோசித்தார். கோமதி பின்கட்டு மதிலில் இருந்த ஒரு டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாடு இரண்டை எடுத்து வந்தார்.

"நம்ம வீட்டுல கருவாடா?"

"வீட்டுல இல்லையே. மதில் மேலதான இருக்கு."

"எத்தனை நாளா?"

"பூனை வந்த நாளா. அடுத்த வீட்டு ஜெபமணி கொடுப்பா."

சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவர் குற்றாலிங்கம். கருவாட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு அதை வாங்கிப் படியில் வைத்தார்.

"சரி. வெளியே போறதுக்கு இது. உள்ளே வர்றதுக்கு? இதைக் கொண்டுபோய் அடுப்படியில வைக்க முடியாதே."

"உள்ளே வர்றதுக்கு ஒண்ணும் வேண்டாம். நான் கூப்பிட்டா வரும்."

அப்படியே செய்தார்கள். கோமதி உள்ளே முக்காலியில் உட்கார்ந்து "ராசாத்தி, ராசாத்தி" என்று கூப்பிடுவார். குற்றாலிங்கம் வெளியே தரையில் குப்புறப் படுத்துப் பலகையை ஒரு விரலால் தூக்கிப் பிடிப்பார். பூனை துளையைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், போய்விடும்.

மூன்றாம் நாள் அப்படிப் படுத்திருந்தபோது துளை வழியாகக் கோமதியின் கால்கள் தெரிந்தன. இடது முழங்கால் வலதைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

"கோமதி, காலு ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"அது ரெண்டு வருஷமா இருக்கு."

"சொல்லவே இல்லையே."

"தைலம் போடும்போது வாசம் வரலையா உங்களுக்கு? பலகையைத் தூக்குங்க, அது வருது பாருங்க."

பூனை அன்று வரவில்லை.

பத்தாம் நாள் மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை தானாக ஆடியது. பூனை உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியே போனது. யாரும் கூப்பிடவில்லை. குற்றாலிங்கம் இடது கையால் நோட்டை எடுத்துத் தேதியை எழுதினார்.

"பழகிட்டு," என்றார்.

கோமதி ரசத்தை ஊற்றினார்.

"அப்போ அங்கே போயிருவீங்க."

அதுவரை அவர் மனைவியிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பூனை பழகின தேதியை நோட்டுல குறிக்கிறீங்க. புது வேட்டி நாலு எடுத்து, மடிப்புக் கலையாம பெட்டியில வச்சிருக்கீங்க. தீபாவளிக்குக்கூட ரெண்டுதான எடுப்பீங்க."

"அம்மா இன்னும் பதில் சொல்லலை."

"சரி. மோர் வேணுமா?"

மறுநாள் விடியற்காலையில் முன்னறையில் தியானத்தில் இருந்தார். நாலரைக்குப் பிறாண்டும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் சத்தம்.

குற்றாலிங்கத்துக்குப் புரியவில்லை. மதியத்தில் பூனை தானாக வந்து போனது. சாயங்காலமும் போனது. விடியற்காலையில் மட்டும் பிறாண்டியது. பனியில் மரம் உப்பிப் பலகை இறுகுகிறதோ என்று விளிம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். கீலுக்கு எண்ணெய் விட்டார். மறுநாளும் அதேபோலப் பிறாண்டியது.

மூன்றாம் நாள் தியானத்திலிருந்து எழுந்து போய்ப் பார்த்தார்.

சமையலறை விளக்கு எரிந்தது. அரிசி டின் இருந்த இடத்தில் இல்லை. கதவோடு ஒட்டி, பூனையின் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் முக்காலியில் கோமதி உட்கார்ந்திருந்தார். வெளியே பூனை வந்தது. பலகையை முட்டியது. திறக்கவில்லை. பிறாண்டியது. கோமதி கொஞ்சநேரம் பிறாண்ட விட்டார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, டின்னை இழுத்து நகர்த்திவிட்டு, தாழ்ப்பாளைச் சற்று ஓங்கியே தட்டித் திறந்தார். உள்ளே வந்த பூனையிடம் மெதுவாக ஏதோ சொன்னார். மன்னிப்புக் கேட்பதுபோல இருந்ததாம்.

குற்றாலிங்கம் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆறு நாள் கழித்துப் பௌர்ணமி வந்தது. தோட்டத்துக்குப் போனார்.

"பூனை பழகிட்டா அண்ணாச்சி?"

"பழகிட்டு அம்மா. பத்தாம் நாளே."

"நல்லது."

"ஆனா விடியக்காலம் இன்னும் கோமதிதான் திறந்து விடுறா."

நடந்ததைச் சொன்னார். டின்னைச் சொன்னார், முக்காலியைச் சொன்னார். இந்த முறை பின்னால் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"பார்த்துட்டு அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"மறுநாள்?"



"டின்னுல பதினஞ்சு கிலோ அரிசி இருக்கு அம்மா. அவளுக்கு முழங்கால் வீக்கம்."

"அதனால?"

"மறுநாள் அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாலேயே நான் போய் அதைக் கதவோரமா தள்ளி வச்சிட்டேன்."



"ஒருநாள் மட்டுமா?"

"தினமும். இன்னைக்குக் காலையிலயும் வச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

"தாழ்ப்பாள் சத்தம் கேட்குதா?"

"கேட்குது."

"தொந்தரவா இருக்கா?"

அவர் யோசித்தார். தவறான பதிலைச் சொல்லிவிடக் கூடாது என்பதுபோல நீண்டநேரம் யோசித்தார்.

"அவ எழுந்துட்டான்னு தெரியுது," என்றார்.

மீனலோசனி எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். அவர் குடித்து முடித்தார்.

"பூனை பழகினதும் நான் கேட்டதுக்குப் பதில் சொல்றேன்னு சொன்னீங்க அம்மா."

"சொல்றேன். முதல்ல அந்த டின்னை எடுத்துருங்க. பூனை பாவம், பனியில நிக்குது. யாரும் பார்க்காதப்போ எடுக்காதீங்க. அவங்க கண் முன்னால எடுங்க. ஏன் எடுக்கிறீங்கன்னு கேட்பாங்க."

"கேட்பா."

"அவங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்வீங்களோ, அதுதான் என் பதிலும்."

குற்றாலிங்கம் செம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மதியச் சாப்பாட்டுக்கும் இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

சவரிமுத்து எனக்குச் சொன்னது இவ்வளவுதான். கணவர் கண் முன்னால் டின்னை எடுத்த பிறகுதான், கடைசி ஆறு நாளும் அதை வைத்தது அவர் என்று கோமதிக்குத் தெரியவந்தது என்றும் சொன்னார். அந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. தானாக ஒரு டின் வந்து கதவோரம் நிற்பதை ஒருவர் ஆறு நாள் கவனிக்காமல் இருப்பாரா? இந்த ஆவணியில் தென்காசிக்குப் போயிருந்தபோது அந்த வீட்டைத் தேடிப்போய்க் கேட்டேன். குற்றாலிங்கம் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கோமதியம்மாள் எனக்குக் காபி கொடுத்தார்.

சவரிமுத்து சொன்னது தவறு. முதல் நாளே தெரியும் என்றார் அவர்.

"விளக்கைப் போடாம இருட்டுலதான் நான் டின்னைக் காலால தள்ளுவேன். அந்த டின்னுக்கு ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற வளையம் உண்டு. அது சுவத்தைப் பார்த்து நிக்கும், கதவைப் பார்த்து நிக்கும், எப்படியும் நிக்கும். அன்னைக்குப் போய்ப் பார்த்தா, குனியாம இழுக்கிறதுக்கு வசதியா வளையத்துல அவரோட துண்டு கட்டியிருந்துச்சு. துண்டோட நுனி என் முக்காலி மேல கிடந்துச்சு."