கரடி பொத்தி வைத்த கார்டு

மூங்கில் காட்டு ஆற்று மடுவின் கரையில் ஒரு கரடியும் ஒரு நீர்நாயும் உயிர்த் தோழர்களாக இருந்தன. கரடியிடம் ஒரு கேமிங் லேப்டாப் இருந்தது. ஒரு கோடை முழுக்கச் சேர்த்த தேனைக் கொடுத்து வாங்கியது. ஆனால் கரடி நகத்தை வைத்தால் ஒரே நேரத்தில் மூன்று பொத்தான்கள் அமுங்கும். அதனால் கார் பந்தயத்தில் பொத்தானை அமுக்குவது நீர்நாய். பக்கத்தில் உட்கார்ந்து, "இடப்பக்கம் ஒடி, வலப்பக்கம் ஒடி" என்று கத்துவது கரடி. இரண்டுக்கும் அதில்தான் சந்தோஷம்.

அந்த வருடம் காட்டுப் போட்டியில் இரண்டும் பெயர் கொடுத்தன. சின்னச் சின்னத் தடங்களில் சுலபமாக ஜெயித்தன. இறுதிச் சுற்றுத் தடமோ பெரியது. மழை, புழுதி, மலைப்பாதை என்று எல்லாம் திரையில் வந்தது. பாதி வழியில் படம் திக்கித் திணறியது. வளைவு கண்ணில் படுவதற்குள் கார் பள்ளத்தில் கிடந்தது. எதிர்த்து ஆடிய குரங்குகள் வாலைச் சுழற்றிச் சிரித்தன.

கரடிக்கு மானம் போய்விட்டது. "எல்லாம் உன்னாலதான்! உன் கை மந்தமாயிடுச்சு" என்றது, காடே பார்த்துக்கொண்டிருக்க.

"கை நல்லாத்தான் இருக்கு, அண்ணே. படம்தான் விட்டு விட்டு வருது. ஒரு தடவை செட்டிங்ஸைத் திறந்து பாத்துருவோமே" என்றது நீர்நாய்.

"என் லேப்டாப்பையா குறை சொல்ற? உள்ள எவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு தெரியுமா? ஆடத் தெரியாதவன் இனி என் பக்கத்துல உக்கார வேண்டாம்."

நீர்நாய் தண்ணீரில் இறங்கி ஆற்றோடு போய்விட்டது.

நாலு நாள் கழித்து மரங்கொத்தி வந்தது. காட்டில் லேப்டாப் பழுது பார்ப்பது அதுதான். விளையாட்டை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டது.

"ஃபேன் சத்தமே காணோமே. இதுல சின்ன வேலைக்குன்னு ஒரு சின்ன கிராஃபிக்ஸ் இருக்கு, கரடியாரே. விளையாட்டுக்குன்னு தனியா ஒரு பெரிய கார்டு இருக்கு. உம்ம விளையாட்டு முழுக்கச் சின்னது தலையிலதான் ஓடியிருக்கு. பெரியதை எழவே விடாம, மின்சேமிப்புல போட்டு வச்சிருக்கே. யாரு பாத்த வேலை இது?"

வாங்கிய அன்று, திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல், புதுக் கார்டு தேய்ந்துவிடக் கூடாதென்று கரடியே வைத்த செட்டிங் அது. நீர்நாயிடம் சொல்லவில்லை. பிறகு தானும் மறந்துபோனது.

மரங்கொத்தி செட்டிங்ஸில் விளையாட்டின் பெயரைத் தேடி, அதற்கு நேரே 'உயர் செயல்திறன்' என்பதை அலகால் ஒரு தட்டுத் தட்டியது. விளையாட்டை மூடித் திறந்ததும் ஃபேன் உறுமியது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

கரடி ஆற்றங்கரைக்கு விழுந்தடித்து ஓடியது. நீர்நாயின் வளை காலியாக இருந்தது.

"கீழாத்துப் பக்கம் குடிபோயிருச்சு. கை மந்தமானவனுக்கு இங்க என்ன வேலைன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றது கரையில் கிடந்த ஆமை.

இப்போதும் சாயங்காலமானால் கரடி லேப்டாப்பைத் திறக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டே உட்காருகிறது. படம் துளியும் திக்குவதில்லை. கார் மட்டும் புறப்படும் கோட்டிலேயே நிற்கிறது.

நீதி: தான் செய்த தவறைத் தேடிப் பார்க்காமல் தோழன்மேல் பழி போட்டால், தவறைத் திருத்திய பிறகும் தோழன் திரும்பி வருவதில்லை.