வெறுங்கூடு

திருவேங்கடத்துக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆறு வருஷமாக ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி செய்கிறார். தயிரைப் பற்றிய ஆராய்ச்சி.

ஒரு சொட்டுத் தயிரைச் சின்ன உலோகக் கூட்டில் அடைத்து, கூட்டின் ஜன்னல் வழியே எக்ஸ்ரே பாய்ச்சினால் கதிர் சிதறும். சிதறுகிற விதத்தை வைத்து, உள்ளே புரதங்கள் எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்று சொல்லிவிடலாம்.

நாலு வருஷமாக அவருடைய வரைபடத்தில் ஒரு குட்டி மேடு வந்துகொண்டிருந்தது. தயிரில் அதுவரை யாரும் பார்க்காத மேடு. அதை நம்பித்தான் அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறார். மகளிடம்கூடக் காட்டிப் பெருமையடித்திருக்கிறார், பாவம்.

அன்று எக்ஸ்ரே கூடத்தில் அவர்களுக்கு ஒதுக்கியதில் ஒரு மணி நேரம்தான் பாக்கி.

"மேடம், இன்னொரு தயிர் வெச்சிரட்டுமா?"

"வெறுங்கூட்டை வைங்க, சார்."

"அதான் முதல் வருஷமே அளந்தாச்சே! அதைத்தானே ஒவ்வொரு தடவையும் தயிர்க் கணக்கிலிருந்து கழிக்கிறேன்."

"அப்ப கூட்டு ஜன்னல்ல என்ன ஒட்டியிருந்தீங்க?"

"மைக்காத் தகடு."

"இப்ப?"

"மஞ்சள் டேப்..." குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

கூட்டைக் கழுவித் துடைத்தார். புது டேப் ஒட்டினார். உள்ளே ஒன்றும் வைக்காமல் கதிருக்கு நேராகப் பொருத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

திரையில் கோடு மெல்ல எழுந்தது. அதே இடத்தில் அதே மேடு.

திருவேங்கடம் திரையில் அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். ஜெசிந்தா ஃபிளாஸ்கில் இருந்த காபியை ஊற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"நாலு வருஷம், மேடம். எனக்கு இனி என்ன மிச்சம்?"

"தயிர் மிச்சம், சார். இத்தனை நாளா டேப்பைத்தானே பார்த்துக்கிட்டிருந்தோம்?"

அழ வேண்டிய மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"இத்தனை நாளா மைக்கான்னே நினைச்சிருந்தேன். காலையில அந்த டேப்பைப் பார்த்ததும் தோணிச்சு. என்னோட முதல் கட்டுரையிலயும் இதே மேடுதான். அதுக்குப் பேரெல்லாம் வெச்சேன். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கட்டுரையை வாபஸ் வாங்கினேன்."

"காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சொல்லியிருந்தா, பார்க்காமலேயே நம்பியிருப்பீங்களே, சார்."