ராயர் மிதித்து முளைத்த கொழுஞ்சி

முன்னொரு காலத்தில் மணற்குடி நாட்டை வல்லபதேவன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் ஆசைப்பட்டது அந்தக் கணமே கைக்கு வந்தாக வேண்டும், சின்னப் பிள்ளையைப் போல.

மழை பொய்த்த ஒரு வருஷம் வேட்டைக்குப் போனவன், வெடித்துக் கிடந்த கரட்டுக் காட்டில் ஒரு செடி ஊதாவாகப் பூத்திருப்பதைக் கண்டான். புல்கூடக் கருகிய இடத்தில் அது மட்டும் பச்சையாக நின்றது. ஒரு கிளையை ஒடித்து வந்து, இது என்ன பூ என்று சபையில் கேட்டான்.

நந்தவன அதிகாரி செண்பகராயர் முந்திக்கொண்டார். மந்திரி ஏகாம்பரனார் பேசுவதற்குள் தாம் பேசிவிட வேண்டும் என்பதே அவருடைய ஆயுள் விரதம். "தேவலோகப் பூ, மகாராஜா. தங்கள் பார்வைக்காகவே இறங்கி வந்திருக்கிறது," என்றார்.

மந்திரி ஒரு இலையின் நுனியைப் பிடித்து இழுத்தார். அது நேராகக் கிழியாமல் கவட்டை போலப் பிளந்து வந்தது. "கொழுஞ்சி, மகாராஜா. அவரைக்கும் துவரைக்கும் ஒன்றுவிட்ட தம்பி. காயைப் பார்த்தாலே ஜாடை தெரியும்."

ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ராயரிடமே அதை வளர்க்கும் வேலையைக் கொடுத்தான். தேவலோகப் பூவுக்கு ஊற்று நீர்தான் ஆகும் என்று சொல்லி, சுற்றுவட்டாரத்தில் வற்றாமல் இருந்த சுனையூர்ச் சுனையிலிருந்து ராயர் வண்டி வண்டியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். பிடுங்கி நட்ட செடிகள் அழுகின. விதைத்த விதைகள் சேற்றில் கல் மாதிரி கிடந்தன. தண்ணீர் போதவில்லை, சுனையையே அரண்மனைக்குத் திருப்ப வேண்டும் என்றார் ராயர். ராஜாவும் தலையாட்டினான்.

சுனையூர் மாரக்காள் இடுப்பில் காலிக் குடத்தோடு மந்திரி வீட்டுக்கு வந்தாள். "சாமி, எங்க ஊருக்குக் குடிக்க இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் பூவுக்கு ஊத்திட்டா நாங்க எங்க போறது?"

மந்திரி நேரே சபைக்குப் போனார். "சுனைத் தண்ணீர் துளியும் இல்லாமல் அந்தப் பூவை இங்கே பூக்க வைக்கிறேன். பூத்தால் சுனை ஊருக்கு."

"பூக்காவிட்டால்?" என்றான் ராஜா.

"என் தலைப்பாகை ராயருக்கு."

தன் பிறந்த நட்சத்திரம் வரை தவணை, அதுவரை சுனையைத் தொடக் கூடாது என்று ராஜா சொல்லிவிட்டான்.

மந்திரி தன் வீட்டு வாசலில் கல் பாவிய நடையில் பருமணலைக் கொட்டி, கொழுஞ்சி விதைகளைக் கலந்து பரப்பினார். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். திருட்டுத்தனமாகத் தண்ணீர் வருகிறதா என்று வேவு பார்க்க ராயர் தினமும் வந்தார். தடித்த தோல் செருப்போடு அந்த மணலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "மந்திரியாரே, விதையை வெயிலில் வறுக்கிறீரா? கொஞ்சம் உப்பும் போடும்," என்று கேலி செய்தார். மந்திரி மோர் கொடுத்து, நாளைக்கும் அவசியம் வரச் சொல்லி அனுப்பினார்.

கொஞ்ச நாள் கழித்து அந்த மணலை விதையோடு அள்ளி, ராஜா சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தை ஒட்டிய கட்டாந்தரையில் தூவினார். கை கழுவிய ஈரத்திலேயே முளை வந்தது. வேர் பிடித்ததும் அந்தத் தண்ணீரையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார். வெயில் ஏற ஏறச் செடி தழைத்தது. பிறந்த நட்சத்திரத்தன்று அந்த இடமே ஊதாவாக இருந்தது.

இது வேறு ஏதோ செடி, மோசடி என்றார் ராயர். ராஜா தானே ஒரு இலையைப் பறித்து நுனியை இழுத்துப் பார்த்தான். கவட்டையாகப் பிளந்தது.

"ராயரிடம் முளைக்காதது உம்மிடம் எப்படி முளைத்தது?"

"இதன் விதைக்குத் தோல் கெட்டி, மகாராஜா. மணலில் உரசித் தேய்ந்தால்தான் ஈரம் உள்ளே போகும். தேய்த்துக் கொடுத்தவர் ராயர்தான். ஒரு நாள் தவறாமல் வந்து மிதித்தார். முதல் நன்றி அவர் செருப்புக்கு."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா தன் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றி மந்திரிக்குச் சூட்டினான். சுனையை ஊருக்கே விட்டான். காய்ந்த வயல்களிலெல்லாம் கொழுஞ்சி விதைத்து, மழை வந்ததும் தழை உரமாக மண்ணோடு மடக்கி உழ உத்தரவிட்டான். அத்தனை விதையையும் மிதித்துத் தேய்க்கும் உத்தியோகம் ராயருக்குக் கிடைத்தது.

மறு வருஷம் மழை பெய்தது. கொழுஞ்சி மடக்கிய வயலில் நெல் நெஞ்சளவு நின்றது. சுனையூர்க்காரர்கள் மந்திரிக்கு ஒரு குடம் சுனைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டார்கள். மாரக்காள் ராயரையும் மறக்கவில்லை. அவர் கால் பட்டுத்தானே முளைத்தது என்று ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினாள்.

அவளுக்குப் பெரிய மனசு. நானாக இருந்தால் அந்தச் செருப்பைக் கழுவக்கூடத் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டேன்.