தேன்வரையிலிருந்து எதுவும் வரக் கூடாது

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். உலகத்தில் நடப்பதெல்லாம் தனக்குச் செலுத்தும் திறை என்பது அவன் எண்ணம். மழை பெய்தால் வானம் திறை கட்டுகிறது என்பான். சபையில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். சோறு போடுகிறவன் சொன்னால் வேறென்ன சொல்வார்கள்?

ஆண்டுதோறும் சித்திரையில் பன்னிரண்டு சிற்றரசர்கள் திறையோடு வந்து காலில் விழ வேண்டும். அந்த ஆண்டு பதினொரு பேர் விழுந்து எழுந்தார்கள். தேன்வரை மலையின் தலைவி மாடத்தி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். காட்டுத்தீயில் தேனீக்கள் கூண்டோடு போய்விட்டன, நூறு குடம் தேனுக்கு ஓராண்டு தவணை வேண்டும் என்று கேட்டாள்.

திறை அதிகாரி சேந்தனாருக்கு அந்த மலைமேல் வெகுநாளாக ஒரு கண். எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அரசே, சிற்றாறு ஏன் பேராற்றில் வந்து விழுகிறது? அதுவும் திறைதான். சிறியது கொடுக்கும், பெரியது கொள்ளும். ஆதியிலிருந்து இதுவே நியதி. கொடுக்காத சிறியதை விட்டுவைக்கலாகாது."

அரசனுக்கு இந்த விளக்கம் இனித்தது. மாடத்தியைச் சிறையில் அடைக்கச் சொன்னான். பத்து நாளில் திறைப் பாக்கி தீராவிட்டால் மலை சேந்தனாருக்குச் சொந்தம், அதுவரை தேன்வரையிலிருந்து எதுவும் தன் எல்லைக்குள் வரக் கூடாது என்று ஆணையிட்டான்.

அரசவை விகடன் குப்பாண்டிக்கு வாயை அடக்கத் தெரியாது. "தேனைத் தின்றது தீ, கம்பி எண்ணுவது இந்த அம்மாளா?" என்று கேட்டுவிட்டான். அரசன் சிரித்தான். தான் பேசினால் தலையாட்டும் அரசன் இவன் பேசினால் சிரிக்கிறானே என்று சேந்தனாருக்கு வயிறு எரிந்தது. எல்லைக் காவலைக் குப்பாண்டியிடமே கொடுங்கள், ஏதாவது ஒன்று உள்ளே வந்தால் அவன் தலையை எடுங்கள் என்றார். எல்லை முழுக்கக் காடு. ஒரு விறகுக்கட்டாவது நுழையாமலா போகும்?

"எதுவுமே வரக் கூடாதா, அரசே?" என்று கேட்டான் குப்பாண்டி.

"எதுவுமே."

"முத்திரை வைத்துக் கொடுங்கள். எனக்கு மறதி அதிகம்."

ஓலையோடு அரை நாள் நடந்து தேன்வரை எல்லைக்குப் போனான். மலை மக்களிடம் படித்துக் காட்டினான். அவர்கள் மூங்கில் வெட்டினார்கள், தழை கட்டினார்கள், களிமண் அப்பினார்கள். எல்லைக்குள் இறங்கிக்கொண்டிருந்த தங்கள் ஆற்றை மறித்து ஒரு பழைய ஏரிக்குத் திருப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் தலைநகரத்துப் பேராற்றில் மணல் தெரிந்தது. பட்டத்து யானை தும்பிக்கையால் மணலைத் துழாவி அரசன் மேலேயே வாரி இறைத்தது. தலை நிறையச் சீயக்காயோடு சேந்தனார் நடு ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர், தண்ணீர் என்று நின்றார். அரண்மனை உலையில் அரிசி போட முடியவில்லை. காவலர்கள் குதிரையில் பறந்து போய் மதியத்துக்குள் குப்பாண்டியைப் பிடித்து வந்தார்கள்.

"என் ஆற்றை ஏன் நிறுத்தினாய்?"

"உங்கள் ஆற்றை யார் தொட்டது? நான் நிறுத்தியது தேன்வரையிலிருந்து வந்ததை. இருப்பது ஒரு தலை, அரசே."

"அப்படியானால் பேராறு எங்கே?"

"மேலே வந்தால் காட்டுகிறேன். அம்மாளையும் அழைத்து வரச் சொல்லுங்கள்."

இரண்டு ஆறுகளும் கூடும் இடத்துக்கு அரசன் அன்றுதான் முதன்முதலாகப் போனான். பேராறு என்று பேர் வாங்கியது கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மணலாகக் கிடந்தது. அதில் ஆடுகள் படுத்திருந்தன. கோடையில் அதற்குச் சொட்டுத் தண்ணீர் சொந்தமில்லை. பிறந்த நாள் முதல் சித்திரை வெயிலில் தான் குடித்ததெல்லாம் மலையாற்றுத் தண்ணீர் என்று அரசனுக்கு அங்கே நின்றபோது விளங்கியது.

மாடத்தியின் பக்கம் திரும்பிக் கேட்டான். "ஏன் சொல்லவில்லை, அம்மா?"

"குடிக்கிறவரிடம் சொல்லிக் காட்டுவதா? எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை."

அந்த நேரத்தில் அவள் என்ன கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை. எல்லை வரை ஏறிப் போய் முதல் மூங்கிலைத் தானே பிடுங்கினாள். தண்ணீர் வந்தது. அரசன் மண்டியிட்டு இரு கையையும் ஏந்தினான்.

"கொடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும் என்பார்கள்" என்றான் குப்பாண்டி. "உங்கள் கை எங்கே இருக்கிறது, அரசே?"

அரசன் தன் கைகளைப் பார்த்தான். சிரிக்கத் தொடங்கினான். ஏந்திய தண்ணீரெல்லாம் விரல் வழியே ஒழுகும் வரை சிரித்தான்.

தேன்வரை இனித் திறை கட்ட வேண்டாம் என்றான். குப்பாண்டிக்குத் தன் கைக் காப்பைக் கழற்றிப் போட்டான். சேந்தனாரை, மலைதானே உனக்கு வேண்டும், போ, தேனீ திரும்பி வரும் வரை கருகிய காட்டில் கன்று நடு என்று அனுப்பினான்.

"இந்த ஆற்றின் பேர் என்ன?" என்று கடைசியாகக் கேட்டான். கூட வந்திருந்த சபையாரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேரும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள்.

"நன்னாரி" என்றாள் எல்லையிலிருந்து இறங்கி வந்த மாடத்தி. "நன்னாரி வேருக்குள் புகுந்து இறங்குகிறது. மோந்து பாருங்கள்."

அரசன் மறுபடி கையை ஏந்தினான். இந்த முறை பேர் சொல்லி, கும்பிட்டுவிட்டுக் குடித்தான்.

அவள் கொடுத்தாள், அவன் குடித்தான். நாமும் குடிக்கிறோம், எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டுவிட்டுக் குடிப்போம்.