நாற்பது நிமிடக் கடல்

சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் கடலைத் தாண்டிய குருவி எது? சொல்லுங்கள், பார்ப்போம்!

தெரியவில்லையா? விமானத்துக்குள் மாட்டிக்கொண்ட குருவி!

அதன் பெயர் மினுக்கன். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. அங்கே விமான நிலையத்துக் கூரையில் அது குடியிருந்தது. ஒருநாள் ரொட்டித் தூளைக் கொத்திக்கொண்டே, விமானத்தில் பெட்டிகள் ஏற்றும் அறைக்குள் போய்விட்டது. கதவு மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது மினுக்கன் தெற்குத் தீவில் இருந்தது! மறுநாள் அதே வழியில் திரும்பியும் வந்துவிட்டது.

ஆனால் ஓடுபாதை ஓரத்துப் பறவைகளிடம் அது சொன்ன கதையே வேறு.

"தெற்குத் தீவா? நாற்பது நிமிடம்தான்! நானே பறந்து போய்விட்டு வந்தேனே!"

நாற்பது நிமிடம் என்பது விமான நிலைய ஒலிபெருக்கியில் கேட்ட கணக்கு.

குளிர்காலம் நெருங்கியது. புல்வெளியில் இருந்த காடை, தன் குஞ்சு பொட்டுவோடு தெற்கே போக வேண்டும். பொட்டுவுக்கு அது முதல் பயணம்.

"மினுக்கா, இவளை இன்னும் ஒரு வாரம் நன்றாகத் தின்னவைத்துக் கூட்டிப்போகலாம் என்று பார்க்கிறேன்" என்றது காடை.

"எதற்கு அக்கா? பசி எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்!"

பாறையில் இருந்த ஆலா என்ற கடற்பறவை திரும்பிப் பார்த்தது. "அடேய், நான் விடியலில் கிளம்பினால் அங்கே போவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. நீ எந்தக் காற்றில் போனாய்?"

"மீனாகத் தின்று உனக்கு உடம்பு கனத்துவிட்டது!" என்றது மினுக்கன். எல்லாப் பறவைகளும் சிரித்தன.

"மினுக்கன் மாமா சொன்னால் சரிதான், அம்மா! நாளைக்கே போகலாம்!" என்று குதித்தது பொட்டு. காடைக்குச் சந்தேகம்தான். ஆனாலும், போய்வந்தவன் சொல்கிறானே!

மறுநாள் காலை இரண்டும் கிளம்பின. கூரையிலிருந்து மினுக்கன் பார்த்தது. கடல்மேல் இரண்டு புள்ளிகள். சின்னப் புள்ளி தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பொட்டுவின் உயிர் போய்விடும்!

அது பாய்ந்து பறந்தது. "திரும்புங்கள் அக்கா! நான் பறக்கவே இல்லை! விமானத்தில் மாட்டிக்கொண்டு போனேன்!"

காடை சட்டென்று திரும்பியது. பொட்டுவுக்குச் சிறகு ஓய்ந்துவிட்டது. அலைநுரை வயிற்றில் பட, எப்படியோ வந்து கரை மணலில் விழுந்தது.

"பெட்டியோடு பெட்டியாகப் போன வீரரே!" என்று கரையில் இருந்த நீர்க்காகங்கள் கேலி செய்தன. மினுக்கனுக்கு அதுகூடச் சுடவில்லை. பொட்டு மூச்சு வாங்கியபடி கேட்டதுதான் சுட்டது.

"மாமா, நான் கடலில் விழுந்திருந்தால்?"



அந்த வாரம் முழுவதும் அது தானியம் பொறுக்கிவந்து, பொட்டுவின் எதிரே நிற்கக் கூசி, தூரத்திலேயே வைத்துவிட்டுப் போனது. தான் பறந்தறியாத தூரத்துக்கு யாரும் நேரம் சொல்லக் கூடாது. அதை நம்பிக் கிளம்புவது இன்னொருவரின் உயிர்.

எட்டாம் நாள் விடியலில் ஆலா வழிகாட்ட முன்வந்தது. காடை அதன் பக்கத்தில் நின்றது.

"கரை மறையும்வரை நானும் கூட வரட்டுமா, பொட்டு?" என்று கேட்டது மினுக்கன்.

பொட்டு வேண்டாம் என்றது. ஆலாவின் பின்னால் பறந்து போனது.