தலைவர் கேட்ட அமெரிக்கப் பாட்டு

கோவையில் ஒரு இசை மன்றம். இன்றைய அமெரிக்க பேண்டுகளில் எது பெரியது என்று அங்கே ஒரே சண்டை.

"வாயை மூடுங்க! ரஸ்டி ரிவர்தான் பெரிசு" என்று அதட்டினார் தலைவர் செல்வநாயகம். பாட்டுப்பெட்டியின் பொத்தானை அமுக்கி, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். தலை ஆடியது, கால் தாளம் போட்டது. "அடடா! இந்த அடி வேற எவனுக்கு வரும்?"

மூலைத் தூளியில் கைக்குழந்தை வீறிட்டது. தரை துடைத்துக்கொண்டிருந்த அமலி ஓடிப்போய்த் தூக்கினாள்.

தலைவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். "உன் புள்ள அழுது பாட்டையே கெடுத்துடுச்சு! எது பெரிய பேண்டுன்னு நீயே சொல்லு. சொல்லத் தெரியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

பிள்ளையோடு வந்தால் வேறு எவர் வேலை தருவார்? அமலி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

"இப்ப நீங்க கேட்டதுதான் சார் பெரிசு."

"பேரைச் சொல்லு!"

"பேரு தெரியாது சார். ஈரத்துணி போடறதுக்கு முன்னாடி பெட்டியோட பிளக்கைப் பிடுங்கினேன். இன்னும் மாட்டலை, பாருங்க. கரண்டே இல்லாம உங்களை இந்த ஆட்டம் ஆட வச்சுதே! இதையா சார் என் புள்ள கெடுத்துச்சு?"

மன்றமே சிரித்தது. கேட்காத பாட்டைக் கெடுத்த பிள்ளைக்காக அமலியை வேலையை விட்டு நிறுத்த முடியாமல், தலைவர் தானே குனிந்து பிளக்கை மாட்டினார்.